நியூ போட்டா செவப்பு வரும்

எங்கள் கல்லூரி லேபில் யாரும் ‘நியூ’ அழுத்தமாட்டார்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தபோது கடைசி செமஸ்டர்வரை ஜாவா புரோகிராம் எழுதியிருக்கிறோம், ஆனால் எங்கள் செட்டில் ஒருத்தர்கூட ஒரு புராஜெக்டைப் புதிதாகத் தொடங்கியது கிடையாது.

பிறகு எப்படி எழுதினோம்? சீனியர்களிடமிருந்து ஒரு ஃபோல்டர் வரும். பென்டிரைவில் போட்டு, ஏதோ சீர்வரிசை மாதிரி ஒரு செட் அடுத்த செட்டுக்குக் கொடுக்கும். அதை எக்லிப்ஸில் திறக்கவேண்டும். நிரலை எழுதவும், தப்பு இருந்தால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டவும், ஓட்டிப் பார்க்கவும் எல்லாவற்றுக்கும் ஒரே இடமாக இருக்கும் மென்பொருள் அது. ஃபோல்டருக்குள் ஒரு பழைய புரோகிராம் இருக்கும். மேலே இருக்கும் வரிகளையும் கீழே இருக்கும் அடைப்புக்குறிகளையும் தொடக்கூடாது. நடுவில் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு நம்முடையதை எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வரியில் ஒரு ரோல் நம்பர் இருக்கும். அது எங்களில் யாருடையதும் இல்லை. எப்போதோ படித்துவிட்டுப் போன யாரோ ஒருவருடையது. எங்கள் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டிலும் ஒட்டிய புரோகிராம் பிரிண்ட்அவுட்களின் மூலையில் அந்த நம்பர்தான் உட்கார்ந்திருக்கும். லேப் சாரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

நான் முதல் நாளே கேட்டேன். “ஏன்க்கா, நாமளே புதுசா ஒண்ணு தொறக்கக்கூடாதா?”

ஃபோல்டர் கொடுக்க வந்த சீனியர் அக்கா, கரண்டு கம்பியில் கை வைக்கப்போன குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “நியூ போட்டா செவப்பு வரும்.”

“எதனால வரும்?”

“வரும்னா வரும். எங்க செட்ல ஒருத்தி போட்டா. பிராக்டிகல்ல பாதி நேரம் அதுலயே போச்சு. பேசாம இத வெச்சுக்க.”

அவ்வளவுதான் விளக்கம். பிளஸ் ஒன்னில் எனக்கு குரூப் எடுத்தது அப்பா. கல்லூரியைத் தேர்ந்தது அக்கா. கடலூரிலிருந்து போகவர எந்த பஸ்ஸில் ஏறவேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பதையெல்லாம் தெருவே கூடிச் சொன்னது. சரி, போகட்டும் என்று இருந்தேன். ஆனால் ஒரு புரோகிராமின் முதல் வரியாவது என்னுடையதாக இருக்கக்கூடாதா? அன்றைக்கு எனக்குள் ஏறிய வீம்பு இன்னும் இறங்கவில்லை.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் வந்தது. இரண்டிரண்டு பேராகச் செய்யவேண்டும். என்னோடு சேர்ந்தவள் மங்கலம்பேட்டைக்காரி. ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள், சனிக்கிழமையானால் விருத்தாசலம் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவாள். அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வகுப்பிலேயே முதல் ஆஃபர் அவளுடையதுதான். ஆனால் நிபந்தனை உண்டு. ஒரு அரியர்கூட இல்லாமல் முடிக்கவேண்டும். அவளுடைய அம்மா அதற்குள் ஒரு சூட்கேஸ் வாங்கி, மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தார். வேலை நிச்சயம் என்பதால் மட்டுமே அவளை சென்னைக்கு அனுப்ப அவள் வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். புராஜெக்டில் கோட்டை விட்டால் சூட்கேஸ் அங்கேயே நிற்கும்.

என்ன புராஜெக்ட் செய்வது என்பதை என் மாமாதான் தெரியாமல் முடிவுசெய்தார். அம்மாவின் தம்பி, சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் காலையில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறுவார்கள், சாயங்காலம் வந்து எடுப்பார்கள். ஒரு அட்டையை இரண்டாகக் கிழித்து, பாதியை ஹேண்டில்பாரில் செருகி, மீதியை ஆளிடம் கொடுப்பார் மாமா. மற்றபடி எல்லாம் அவர் மண்டைக்குள்தான். அந்த வருட மார்கழி தரிசனத்துக்கு ஊர் நிரம்பி வழிந்தபோது மண்டையும் நிரம்பிவிட்டது. ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் ஓட்டிக்கொண்டு புவனகிரி வரைக்கும் போய்விட்டார்.

“ஏ பாப்பா, நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, இதுக்கு ஒண்ணு பண்ணக்கூடாதா?” என்றார் மாமா. பக்கத்து பிரவுசிங் சென்டர் காலி செய்தபோது எடுத்துவந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏற்கெனவே மேசையில் வைத்து, அதன்மேல் செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்.

அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. அந்தப் பெட்டியில் எக்லிப்ஸ் திறப்பதற்குள் பாண்டிச்சேரி வண்டி வந்து, நின்று, கிளம்பியே போய்விட்டது. அக்கா பயன்படுத்திவிட்டு என் தலையில் கட்டிய லேப்டாப்பும் அதற்குத் தங்கச்சிதான். திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் காலையில் அதை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவேன். அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார். “இன்னுமா தொறக்குது? நான் மாவே ஆட்டிட்டேன். எழுப்பி விட்டுட்டு வரட்டுமா?”

ஆக, வேறு எதையாவது தேர்ந்தெடுக்கவேண்டும். பஸ்ஸில் போகவர அதே வேலையாகத் திரிந்தேன். ஜாவா எழுத எந்த மென்பொருள் சிறந்தது என்று சொல்லும் வீடியோக்களுக்கா பஞ்சம்? ஒருவர் இன்டெல்லிஜே மாதிரி உலகத்திலேயே கிடையாது என்றார். அடுத்தவர் நெட்பீன்ஸ்மேல் சத்தியம் செய்தார். எல்லோருடைய கம்ப்யூட்டரும் அழுத்திய கையோடு திறந்தது. என் லேப்டாப்பில் அந்த வீடியோவே ஓடவில்லை, போனில்தான் பார்த்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது சிக்னலும் போய்விடும். ஒரு நாள் அப்படி சிக்னல் போன இடத்தில் சன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. இவர்கள் யாரும் என் மாமாவின் ஸ்டாண்டுக்கு வரப்போவதில்லை. எது சிறந்தது என்ற கேள்வியை நான் ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? அந்த மேசையில், அந்தப் பெட்டியில், மாமா பக்கத்தில் நின்று ‘இத மாத்து, அத மாத்து’ என்று சொல்லச்சொல்ல மாற்றுவதற்கு எது வேண்டும்? அதுதான் கேள்வி.

பதில் ரொம்பச் சின்னது. எழுத ஒரு நோட்பேட், ஓட்டக் கறுப்பு ஜன்னல். அந்த ஜன்னலில் கட்டளையை நாமே தட்டினால் நிரல் தயாராகும், இன்னொன்றைத் தட்டினால் ஓடும். சிவப்புக் கோடு கிடையாது. பாதி வார்த்தை அடித்ததும் மீதியைக் காதில் ஓதும் உபகாரமும் கிடையாது. முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டதற்கு ஜன்னல் நிறைய வசவு வாங்கினேன். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசிவரை எது எதற்காக இருக்கிறது என்று அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. யாருடைய ரோல் நம்பரும் இல்லாத என் புரோகிராம் ஸ்டாண்டில் ஓடியபோது மாமா வாயைப் பிளந்தார். அப்புறம் உடனே, “நம்பரு கேக்குது சரி. ஆனா எனக்கு நம்பரு எங்க ஞாபகம் இருக்கு? ‘கிளிப்பச்சை சீட் கவரு’ன்னு அடிச்சா வரணும்” என்றார். அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். வண்டிக்கு அடையாளம் எழுத ஒரு இடம் வைத்தேன். அந்தச் சுகத்தை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

லேப் சாரிடம் போய்க் காட்டினோம். கறுப்பு ஜன்னலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னம்மா இது, ஆஸ்பத்திரி மானிட்டர் மாதிரி? எக்லிப்ஸ்ல போடலயா?”

“இதுலயே ஓடுது சார்.”

“ஓடுறது இருக்கட்டும். எல்லாரும் எதுல பண்றாங்களோ அதுல பண்ணு. எக்ஸ்டர்னல் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ? சீனியர் ஃபோல்டர்ல போட்டு எடுத்துட்டு வா. இல்லன்னா கையெழுத்து இல்ல.”

கையெழுத்து இல்லையென்றால் வைவா எனும் வாய்மொழித் தேர்வு கிடையாது. வைவா இல்லையென்றால் அரியர்.

வெளியே வந்ததும் தோழி வெடித்தாள். கேன்டீன் வாசலில் அவ்வளவு கூட்டத்தில் நின்றுகொண்டு என் பையைப் பிடித்து இழுத்தாள். “ஏய், ஒனக்கு என்னதான்டி வேணும்? சார் சொன்னத பண்ணிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவ?”

“யாரோ ஒருத்தரோட நம்பர என் புரோகிராம் தலையில ஒட்டணுமா? மாட்டேன்.”

“ஒட்டுனா என்ன, தாலியா கட்டப்போறாரு அவரு?”

சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. “சிரிக்காத. ஒனக்கு வீம்பு. எனக்கு வேலடி. எங்கம்மா தெனமும் அந்த சூட்கேஸத் தொடச்சு வெக்கிது. ஒன் வீம்புக்காக அது வூட்லயே நிக்கணுமா, சொல்லு.”

வீம்பு என்னுடையது, விலை கொடுக்கப்போவது அவள். அதற்காகத் தலையைக் குனிந்து அந்த ஃபோல்டருக்குள் போவதா? அன்று சாயங்காலம் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரைக்கும் அவள்மேல் கோபமாக இருந்தேன். அதற்கப்புறம்தான் மெதுவாக ஒன்று புரிந்தது. எக்லிப்ஸ் எனக்கு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லையே. ஸ்டாண்டில் அது வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான். லேபில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் நன்றாகத்தான் திறக்கிறது. எனக்குப் பிடிக்காதது அந்த ஃபோல்டர். அதைவிட, ஏன் என்று கேட்காமல் அதை வாங்கிக்கொள்வது. நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆள் வேறு, போடவேண்டிய ஆள் வேறு.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோழியை லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“எங்கடி இட்டுக்கினு போற?”

“நியூ போடப்போறேன்.”

“ஐயோ, வேணான்டி. செவப்பு வரும்.”

“வரட்டும். இன்னிக்கி அது மூஞ்சிய பாத்துடுவோம்.”

எக்லிப்ஸைத் திறந்து நியூ போட்டேன். ஒரு பெட்டி வந்து என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்தினேன். பிறகு ஸ்டாண்டு புரோகிராமை அதற்குள் கொண்டுவந்து வைத்தேன். வந்தது சிவப்பு! ஒன்றிரண்டு இல்லை, மேலிருந்து கீழ்வரை பக்கம் முழுவதும் அம்மை போட்டதுபோல். தோழி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். “நான் சொன்னேன் இல்ல? மூடுடி அத, சார் வந்துடப்போறாரு.”

எத்தனை செட் இந்த இடத்தில் பயந்துபோய் மூடியிருக்கும்! நான் மூடவில்லை. ஒரு சிவப்புக் கோட்டின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மஞ்சள் பெட்டியில் ஒரு வரி வந்தது. என் நிரல் தப்பு என்று அது சொல்லவே இல்லை. ஜாவாவின் இந்தப் பகுதியை எடுத்துப் பயன்படுத்த உனக்கு அனுமதி இல்லை என்றுதான் சொன்னது. அனுமதி மறுப்பது யார்? இடது பக்கப் பட்டியலைப் பார்த்தேன். நான் எழுதாத ஒரு கோப்பு, ‘மாட்யூல் இன்ஃபோ’ என்ற பெயரில், விருந்துக்குக் கூப்பிடாமல் வந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அது இருந்தால் எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று அதில் எழுதிவைக்க வேண்டும். பெரிய புராஜெக்ட்டுகளுக்குத் தேவைப்படும் ஏற்பாடு. எங்கள் வண்டி ஸ்டாண்டுக்கு எதற்கு? அதைத் தேர்ந்து டெலிட் அடித்தேன்.

சிவப்பு முழுவதும் போய்விட்டது.

தோழி துப்பட்டாவை எடுத்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இவ்வளவுதானா?”

மறுபடியும் முதலிலிருந்து நியூ போட்டோம். இந்த முறை பெட்டி கேட்டதையெல்லாம் படித்தோம். அடியில் ஒரு சின்னக் கட்டம், டிக்கோடு இருந்தது. அந்தக் கோப்பை உருவாக்கவா என்று கேட்கும் கட்டம். அந்த டிக்கை எடுத்துவிட்டால் சிவப்பே வராது. ஒரு டிக்! இந்த ஒரு டிக்குக்குப் பயந்து எத்தனை பேர் அந்த ரோல் நம்பரின் வாடகை வீட்டில் குடியிருந்திருக்கிறோம்!

“இன்னொரு தபா நான் போடுறேன், தள்ளு” என்றாள் தோழி. அவளே நியூ போட்டாள். டிக்கை எடுத்தாள். ஓட்டினாள். ஸ்டாண்டு புரோகிராம் ஓடியது. திரும்பவும் இன்னொன்று போட்டாள். இனிப்பு டப்பா கிடைத்த குழந்தை மாதிரி போட்டுக்கொண்டே இருந்தாள்.

அதே வேகத்தில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். லேபில் அவள் எக்லிப்ஸில் ஓட்டுவாள். நான் நோட்பேடிலும் கறுப்பு ஜன்னலிலும் ஓட்டுவேன். புரோகிராம் ஒன்றுதான். முதல் வரியில் யார் நம்பரும் கிடையாது. இதைத்தான் லேப் சாரிடம் போய்ச் சொன்னோம்.

“எக்லிப்ஸ்ல போட்டாச்சு இல்ல? அப்ப சீனியர் ஃபோல்டர்லயே போடுறதுக்கு என்ன?”

“அது எங்க புராஜெக்ட் இல்ல சார். இதுதான் எங்க புராஜெக்ட்.” என் குரல் நான் நினைத்ததைவிட சத்தமாக வந்துவிட்டது. “எக்லிப்ஸ் வேணும்னீங்க, போட்டோம். அந்த ஃபோல்டர்தான் வேணும்னு சிலபஸ்ல எங்கயும் இல்ல சார்.”

தோழி என் முழங்கையைக் கிள்ளினாள். ஆனால் பின்வாங்கவில்லை. “ஓடுது சார், பாருங்க” என்று லேபின் கம்ப்யூட்டரிலேயே நியூ போட்டுக் காட்டினாள். சார் நெற்றியைச் சுருக்கி அந்தச் சின்னக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். “கையெழுத்துப் போடுறேன். எக்ஸ்டர்னல் முன்னாடி செவப்பு வந்துச்சுன்னா ஒங்க ரெண்டு பேரையும் நான் பாத்ததே இல்லம்பேன், ஆமா.”

வைவா அன்று, வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்த எக்ஸ்டர்னல் சார் எங்கள் மேசைக்கு வந்தபோது இரண்டு திரையிலும் ஸ்டாண்டு ஓடிக்கொண்டிருந்தது. “எதுக்கும்மா ரெண்டு?” என்றார். ஸ்டாண்டின் பழைய பெட்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “சரி, ஒருத்தர் டோக்கன தொலைச்சுட்டு வராரு. அவரு வண்டி எப்ப உள்ள வந்துச்சோ அந்த நேரத்த வெச்சு தேடணும். இப்ப எழுதுங்க, ரெண்டு பேரும்.”

எழுதினேன். விரல் பறந்தது. தட்டினேன். ஜன்னல் நிறைய வசவு. மேலே சேர்க்கவேண்டிய ஒரு வரியை மறந்திருந்தேன். தேடிச் சேர்த்துவிட்டு மறுபடியும் தட்டினால் இன்னொரு வசவு, ஒரு அரைப்புள்ளி இல்லை. பக்கத்து மேசையில் எக்லிப்ஸ் சிவப்புக் கோடு போட்டுக் காட்ட, அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி, எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள் தோழி. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, “சார், வந்துடுச்சு!” என்று அவள் கத்தியது அடுத்த லேப்வரை கேட்டிருக்கும்.

எக்ஸ்டர்னல் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா, ஒன் கறுப்பு ஜன்னல் தோத்துடுச்சே?”

“இங்க தோத்துடுச்சு சார். ஸ்டாண்டுல அவளோடது தொறக்கவே தொறக்காது.”

லேப் சார் சீலிங்கைப் பார்த்தார். எக்ஸ்டர்னல் என்ன எழுதினாரோ, முடிவு வந்தபோது தோழிக்கு என்னைவிட மார்க் ஜாஸ்தி. எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதற்காக நான் தேர்ந்தது தப்பு என்று ஒப்புக்கொள்வேனா? மாட்டேன். அன்று நான் மறந்த அந்த வரியை அதற்குப் பிறகு ஒருநாளும் மறந்ததில்லை. வீட்டு லேப்டாப்பில் பெரிய வேலை செய்யும்போது இப்போது சிவப்புக் கோடு காட்டும் ஒரு இலகுவான எடிட்டரும் வைத்திருக்கிறேன், அதையும் நானேதான் பார்த்து எடுத்தேன். நாளைக்கு வேறு வேண்டுமென்றால் வேறு எடுப்பேன்.

அரியர் இல்லை. அவள் சென்னைக்குப் போனாள். நான் கடலூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் ஸ்டாண்டுக்குப் போகிறேன், மாமா மாற்றச் சொல்லும் பட்டியல் இன்னும் தீரவில்லை. வேலையில் சேர்ந்த அன்று மதியம் அவள் போன் செய்தாள்.

“ஏய், இங்க எக்லிப்ஸே இல்லடி. வேற என்னமோ வெச்சிருக்காங்க. எல்லாமே எடம் மாறிக் கெடக்குது.”

“பயந்துட்டியா?”

“மொதல்ல நியூ எங்க இருக்குன்னு பாத்தேன். இருந்துச்சு. போட்டுட்டேன்.” உடனே பேச்சை மாற்றினாள். “ஏன்டி, ஜூனியர் பொண்ணுங்க எனக்கு மெசேஜ் மேல மெசேஜ். நம்ம புராஜெக்ட் ஃபோல்டர் வேணுமாம். நல்லா ஓடுதுன்னு சாரே சொல்லிவிட்டாராம். அனுப்பிடட்டா?”

எங்கள் புரோகிராமின் முதல் வரியில் எங்கள் இரண்டு பேருடைய ரோல் நம்பரும் இருந்தது. வைவாவுக்குப் பிறகு நாங்களே ஆசையாகச் சேர்த்தது. அது அடுத்த செட்டின் ரெக்கார்டு நோட்டில், அதற்கடுத்த செட்டின் ரெக்கார்டு நோட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன்.

“அனுப்பாத.”

“பாவம்டி. திட்டுவாளுங்க.”

“திட்டட்டும். அந்த டிக்க எடுக்கணும்னு மட்டும் எழுதி அனுப்பு. சூட்கேஸ் உறைய பிரிச்சியா?”

“அம்மா ரயில் ஏத்திவிடற வரைக்கும் பிரிக்க வுடல. இங்க வந்து நானே கிழிச்சேன்” என்றாள்.